சேற்றுக் குழாயில் போட்ட அம்புக்குறி

கடல் சேற்றுத் துண்டைத் தலைகீழாக வைத்தவர் அதிகாரி. வைத்தவன் நீ என்று எழுதி உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இதைச் சொல்லாமல் வேறெதையும் எழுத எனக்கு மனமில்லை.

இன்று காலை, நான் குடியிருக்கும் பாடியில், பக்கத்து மனையில் போர்வெல் போட்டார்கள். சாம்பல் நிறச் சேறு தெருவில் வழிந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், கடல் சேற்றை ஆராயும் அலுவலகத்தின் அம்பத்தூர் ஷெட் கண்முன் வந்தது. எட்டு வருடம் ஆகியும் கோபம் ஆறவில்லை.

கடலடியில் இறக்கும் இரும்புக் குழாய்களை என் லேத்தில் கடைந்து கொடுத்தேன். நீ கப்பலில் போய், ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அப்பால் அவற்றை இறக்கி, உள்ளே செருகிய பிளாஸ்டிக் குழாய் நிறையச் சேறு எடுத்து வருவாய். மேலே இருப்பது புதிது. கீழே போகப் போகப் பழசு.

"சேறு எடுக்கக் கப்பலா? கூவத்துல வாளி உட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"கூவத்துல நேத்து கதைதான் கீது அண்ணாத்தே. இதுல ஆயிரம் வருசத்து மழை கீது."

பெருவெள்ளம் வந்தால் முதலில் மணல் படியும், அதன்மேல் மாவு போன்ற வண்டல் படியும் என்று காட்டினாய். துளி எடுத்து முன்பல்லில் அரைத்துப் பார்ப்பாய். நறநறத்தால் மணல், வழுக்கினால் வண்டல். நானும் கடித்துப் பழகினேன்.

உன் வேலைக்கு உலை வைத்த அந்தச் சேற்றுக் குழாயை நான்கு துண்டாக அறுத்தபோது நீ மஞ்சள் காமாலையில் ஆவடி வீட்டில் படுத்திருந்தாய். ரம்பம் பிடித்தவன் நான். மூன்றாம் துண்டைக் கையில் வைத்திருந்த அதிகாரி, போன் மணி அடித்ததும் அதை மேசையில் கிடத்திவிட்டு ஓடினார். திரும்பி வந்து, அடிப்பக்கத்தை மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. பெரிய படிப்பு படித்தவர், தெரியாமலா செய்வார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீ வந்து பல்லில் வைத்ததுமே கண்டுபிடித்தாய். "சார், இது தலைகீழா கீது. மாவு கீழ, மணல் மேல." அதற்குள் அவருடைய வரைபடம் மேலிடத்துக்குப் போயிருந்தது. வெள்ளம் பெருகிய காலத்தில் ஆறு வறண்டது என்றது அந்தப் படம்.

"நீ எத்தனாவது படிச்சிருக்க?" என்றார்.

"ஒம்பதாவது சார். மண்ணு அதுகூடப் படிக்கல. ஆனா எது மேல, எது கீழன்னு அதுக்குத் தெரியும்."

ஷெட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவர் மன்னிக்கவில்லை. துண்டு திரும்பியிருந்தால் திருப்பி வைத்தவன் நீதான் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

விசாரணையில் நான் பார்த்ததைச் சொன்னேன். "லேத்காரருக்கு இதுல என்ன தெரியும்?" என்று வெளியே அனுப்பினார்கள். அறுத்த அன்று நீ விடுப்பில் இருந்தது வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. ஒருவரும் அதைத் திறக்கவில்லை. பிறகு அதே இடத்தில் வேறொரு கப்பல் எடுத்த சேறும் உன் பல் சொன்னதையே சொன்னது. படத்தைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள். உன்மேல் எழுதியதைத் திருத்தவில்லை.

"வேலை போனா போவுது அண்ணாத்தே. கவனமில்லாதவன்னு எழுதிட்டானே" என்று சொல்லிச் சொல்லியே போன மாதம் கண்ணை மூடிவிட்டாய்.

இனி நடக்க வேண்டியது இது. அம்புக்குறி போட்டது தான்தான் என்று அந்த அதிகாரி, ஓய்வு பெறுவதற்குள், தன் கையால் எழுத வேண்டும். உன் கோப்பிலிருக்கும் "கவனக்குறைவு" என்ற சொல்லை அலுவலகம் அடிக்க வேண்டும். திருத்திய படத்தின் கீழே, பிழையைக் கண்டவன் என்று உன் பெயர் அச்சாக வேண்டும். அதை அவர்கள் ஆவடிக்கே வந்து உன் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டும், தபால் போதாது. ரம்பம் பிடித்த நான், அன்று வாயை மூடி நின்றதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது அந்தத் தாளோடு வாசலில் நிற்க வேண்டும்.