அசையாத காந்தாரம்

ரகு, என் செல்லத் தம்பி,

உன் புத்தகம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இங்கே பிரிட்ஜ்வாட்டரில் காலையிலிருந்து பனி கொட்டுகிறது, பாட்டு வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. உன்னோடு பேச இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்காது.

ஞாயிறுதானே நம் போன் நேரம்? அங்கே கலிபோர்னியாவில் நீ காபி கூடக் குடிக்காமல் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்காருவாய். ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு வாசிப்பாய். எல்லாம் அந்த ஒரே ஆளுடைய இசை. ஸ்பெயினில் ஏதோ துறைமுக ஊரில் செருப்புத் தைப்பவருக்குப் பிள்ளையாகப் பிறந்து, வீடு வீடாகப் போய்க் கிட்டார் சொல்லிக்கொடுத்துப் பிழைத்து, என்றைக்கோ செத்துப்போன மனிதர். நம் வீட்டில் அவருக்கு ஸ்பெயின் மாமா என்று பெயரே வைத்துவிட்டோம். சொந்த மாமாவைப் பற்றி நீ அதில் கால்வாசி பேசியிருப்பாயா?

அவர் கதையைத் தமிழில் எழுதப்போகிறேன் என்றபோது சிரித்தேன். பகலெல்லாம் ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலை, பாக்கி நேரத்தில் புத்தகமா, யாரடா படிப்பார்கள் என்றேன். "நீ படிப்பியே, போதும்" என்றாய்.

எங்கே படிக்க விட்டாய்? நீயே போனில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் காட்டினாய். அவருடைய பெண் நெஞ்சுச் சளியோடு பக்கத்து அறையில் படுத்திருப்பாள். அவள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று நகம் படாமல், விரல் சதையால் மட்டும் மீட்டி ஒவ்வொரு இசை உருப்படியும் செய்தார். பெண் தேறி, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போன பிறகும் அவருக்குச் சத்தமாக எழுத வரவில்லை. பெரிய அரங்குகளில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஜனங்கள் எழுந்து போனார்கள். அதற்காக அவர் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. இதைப் படித்தபோது உன் குரலில் ஏகப்பட்ட கர்வம். எனக்கும் அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

சண்டை கடைசி அத்தியாயத்தில் வந்தது. அவருடைய உருப்படி ஒன்றைத் தோடி ராகம் என்று எழுதியிருந்தாய். இருபது வருஷமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள், நான் விடுவேனா? சுரங்கள் தோடியின் சுரங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிட்டாரில் காந்தாரம் என்கிற சுரம் விரல் வைத்த இடத்தில் ஆடாமல் நிற்கும். தோடியின் காந்தாரம் அசைந்தே ஆகவேண்டும். அசைவு இல்லாவிட்டால் அது தோடியே இல்லை. என் மாணவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கத்தினேன்.

"அந்த வரி இருந்தா முன்னுரைலேர்ந்து என் பேரை எடுத்துடு" என்றேன்.

"சரிக்கா, பாக்கறேன்" என்று வைத்துவிட்டாய். புதன்கிழமை உன் பெண்டாட்டி பானு கூப்பிட்டாள். நீ ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டதாகச் சொன்னாள். நாற்பத்திரண்டு வயதில் அப்படி என்னடா அவசரம்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரே கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றது. எனக்குப் பயந்து அந்த வரியை அடித்துவிட்டாயா? உன் ஸ்பெயின் மாமா யாருக்காகவும் மாற்றாத ஆள். அவரைப் பற்றி எழுதிய உன்னை நான் மாற்ற வைத்துவிட்டேனா?

உன் புத்தகம் இருந்த ஃப்ளாப்பிக்குப் பானு ஒரு நகல் எடுத்து அனுப்பினாள், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேயும் நீ உன் குணத்தைக் காட்டியிருந்தாய். கிடைக்கிற தமிழ் ஃபாண்ட் எதுவும் பிடிக்காமல் நீயே ஒன்று செய்துகொண்டாய். அது உன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. பானு, பாவம், அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் துடைத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். எங்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் உன் புத்தகம் முழுக்கக் கோணல் மாணலான குறிகள்.

"அவர் எழுதினதை நானே அழிச்சிட்டேன் அக்கா" என்று அழுதாள். அழியவில்லை, பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

நல்லவேளை, முதல் பக்கத்தை மட்டும் அச்சடித்து எனக்கு ஃபேக்ஸ் பண்ணியிருந்தாய். மங்கிக்கொண்டிருந்த அந்தத் தாளையும் ஃப்ளாப்பியின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டோம். அதை வைத்து மீதியை எழுத்தெழுத்தாகப் படித்தோம். நம் போன் நேரத்தில், உன் இடத்தில் பானு. உன் பிடிவாதத்தை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். ஒரு நாள் அவள் சிரித்தேவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசி அத்தியாயத்துக்குப் போன வாரம் வந்து சேர்ந்தோம். நீ அடிக்கவில்லை. வரி அப்படியே இருந்தது. அதன் கீழே, நான் கேட்டிராத சில வரிகள். பானுதான் படித்தாள்.

"இது தோடி இல்லை என்பாள் என் அக்கா. சாஸ்திரப்படி அவள் சொல்வதுதான் சரி. எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு. நான் தூங்குகிறேன் என்று நினைத்து, பக்கத்து அறையில் அவள் தோடியை மூச்சுக்குள்ளேயே, அசைவே இல்லாமல் பாடிப் பழகுவாள். நான் தூங்கியதே இல்லை. எனக்குத் தெரிந்த தோடி அதுதான்."

எனக்கு நினைவே இல்லை, ரகு. உன் டைபாய்டு நினைவிருக்கிறது, அம்மா கஞ்சி வைத்தது நினைவிருக்கிறது. பாடியது மறந்துபோயிற்று. அழுதுகொண்டே, இன்னொரு தரம் படி என்றேன் பானுவிடம்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை, முன்னுரையில் என் பெயரும் இருக்கிறது. சித்திரையில் கலிபோர்னியாவில், லிவர்மோர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் வெளியிடுகிறோம். சங்கீதம் தெரிந்த யாராவது ஒருத்தர் எழுந்து, "இதைப் போய்த் தோடின்னு எழுதலாமா மேடம்?" என்று கேட்பார். கேட்கட்டும். அங்கேயே நின்று பாடிக் காட்டுவேன், அன்றைக்கு உனக்குப் பக்கத்து அறையில் பாடிய அதே மாதிரி. முப்பது வருஷத்துக்கு மேல் பாடிய பழக்கம் என்னை விடாது, காந்தாரம் அசையத்தான் பார்க்கும். நிறுத்திக் காட்டுகிறேன், பார்.

உன் அக்கா,
கமலா