சூளை மேஸ்திரியின் கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா, தம்பி வீட்டு மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வயிறு எரிகிறது. அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

நம் செங்கல் சூளையை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். போன ஞாயிறு திறப்பு விழா. முதலாளி மகன் இடம் கொடுத்தாராம், நகராட்சி செலவு செய்ததாம். புகைபோக்கி பாதிதான் நிற்கிறது. சுடாத பச்சைக் கல் காய்ந்த கொட்டகையில் இப்போது கார்கள் காய்கின்றன. முதல் சூளை அறைக்குள் காபிக் கடை. நாம் இருந்த லைன் வீடுகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, வெள்ளையடித்து, சன்னலுக்குத் திரை மாட்டியிருக்கிறார்கள். நமக்கு ஏது சன்னல்? பார்க்க வந்த ஒரு அம்மாள், எவ்வளவு அடக்கமான வீடு என்று வியந்தார். ஆறு பேர் படுத்த அறையில் ஒருவர் புரண்டால் மற்ற ஐந்து பேரும் புரள வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே சுவர் நீளத்துக்குப் பலகைகள். பெரிய முதலாளி ஆற்றங்கரைக் களிமண்ணைக் கண்டுபிடித்தது, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இங்கிருந்து கல் போனது, எல்லாம் இருக்கிறது. மண் மிதித்தது யார், கல் அறுத்தது யார், தலையில் சுமந்தது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பலகையில் மட்டும் ஒரு தொழிலாளி வருகிறார். நீங்கள்தான் அது. சூளை மேஸ்திரியின் கவனக்குறைவால் சூடு தணியும் முன்பே, கல் வைத்து அடைத்த சூளை வாசல் உடைக்கப்பட்டதாம், வளைவுக் கூரை சரிந்து ஒரு பெண் இறந்தாராம், அதன்பிறகு தொழில் நலிந்ததாம். உங்கள் முப்பது வருட வேலைக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி. செத்துப்போன நெட்டை அத்தைக்கு அதுகூட இல்லை. 'ஒரு பெண்', அவ்வளவுதான்.

வெளியே, பிள்ளைகள் அச்சில் கல் அறுத்துப் பார்க்கட்டும் என்று ஒரு குழியில் களிமண் பிசைந்து வைத்திருந்தார்கள். நேராகப் போய் இரண்டு கையாலும் அள்ளிவந்து அந்த வரிமேல் அப்பினேன். ஒரு எழுத்துகூட வெளியே தெரியாமல் நன்றாக இழுத்துப் பூசினேன். ஐம்பத்திரண்டு வயதில் உங்கள் மகள் செய்த காரியம் இது. காவலாளி ஓடிவந்தார். முதலாளி மகன், யார் இந்தப் பொம்பளை என்று கேட்டார். சூளை மேஸ்திரி மகள் என்று சத்தமாகவே சொன்னேன்.

பலகைகளை எழுதிய பெண் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போனாள். போலீசைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கை கழுவத் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, ஒரு தாளை எடுத்துவைத்தாள். வாசலைத் திறக்கச் சொன்னது நான்தான், முதலாளிக்குத் தெரியாது என்று வேறு யாருடைய கையெழுத்திலோ எழுதியிருந்தது. அடியில் உங்கள் கையொப்பம், கடைசி எழுத்துக்குக் கீழே நீங்கள் இழுக்கும் கோடு உட்பட. "அக்கா, எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரு தாள்தான். இதை மாத்தணும்னா நான் எதை வச்சு மாத்துறது?" என்று கேட்டாள். அவளை என்ன குறை சொல்ல?

நீங்கள் எட்டு மாதம் உள்ளே இருந்தீர்கள். பொய் வழக்கு என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அம்மா கேட்டபோதெல்லாம் "விடு" என்ற ஒரு சொல்தான் உங்களிடமிருந்து வந்தது. நீங்களே கையெழுத்துப் போட்டீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே லாரி மாமா வீட்டுக்குப் போனேன். முதலாளியின் லாரியை அன்று ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தானே. முதலில் மழுப்பினார். நான் எழுந்து வரவில்லை. கடைசியில் சொன்னார். கல்லை அன்றே அனுப்ப வேண்டும் என்று முதலாளி குதித்தாராம். நீங்கள் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று நாளாவது ஆற வேண்டும் என்றீர்களாம். நீங்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவரே ஆள் வைத்து வாசலை உடைத்தாராம். மேல் வரிசை எட்டும் என்று நெட்டை அத்தையை முதலில் உள்ளே அனுப்பினார்களாம். சத்தம் கேட்டு ஓடிவந்து, சுடச்சுடக் கல்லை வெறுங்கையால் அள்ளி எறிந்தது நீங்களாம். உங்கள் உள்ளங்கைத் தழும்பு அடுப்பில் பட்டது என்றல்லவா எங்களிடம் சொன்னீர்கள்?

அன்று சாயங்காலம்தான் அந்தத் தாள் வந்ததாம். வழக்கு தன் மேல் வந்தால் சூளைக்குச் சீல் வைப்பார்கள், நாற்பது குடும்பமும் நாளைக்கே நடுத்தெருவில் நிற்கும் என்றாராம் முதலாளி. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். ஐந்தாம் மாதம் அவரே சூளையை மூடி நாற்பது குடும்பத்தையும் வெளியே அனுப்பினார். நீங்கள் அப்போதும் உள்ளேதான் இருந்தீர்கள். அதற்குப் பிறகாவது வாயைத் திறந்திருக்கலாமே, அப்பா.

லாரி மாமா தலையைக் குனிந்துகொண்டு, "வண்டி அவரோடது. அன்னிக்கு என் வாயும் அவரோடதாத்தான் இருந்துச்சு" என்றார். அவரை அழைத்துப் போய், பலகை எழுதிய பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லவைத்தேன். பதிவு செய்துகொண்டாள். அன்றே அந்தப் பலகையைக் கழற்றிவிட்டாள். முதலாளி மகன் தொலைபேசியில் கத்தினாராம். கத்தட்டும்.

இதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பலகையைக் கழற்றிய செய்தி கேட்டு, புதன்கிழமை நெட்டை அத்தையின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். நம்மைக் கண்டால் முப்பத்துநாலு வருடமாக எதிர்ப்பக்கம் போய்விடுபவள். கழுத்தில் அளவு நாடாவோடு வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. லாரி மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் சொன்னா ஆச்சா? எங்கம்மாவை உள்ள அனுப்பினது உங்கப்பாவா இல்லையா? அதை அவரே சொல்லட்டும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான்தான் அழுதேன்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது, அப்பா. வெறுக்க வேண்டியவர் யார் என்றே தெரியாமல் வளர்ந்திருக்கிறாள். நாற்பது குடும்பத்தை நினைத்தீர்கள், சரி. இந்த ஒரு பிள்ளையை ஏன் மறந்தீர்கள்? முதலாளி மேல் உள்ள கோபத்தைவிட இதில்தான் எனக்கு உங்கள் மேல் கோபம்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். அவள் கடை முகவரியை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். கை நடுங்கினால் தம்பி எழுதட்டும், வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும். விடு என்று மட்டும் இந்த முறை சொல்லாதீர்கள். குளிரில் வெளியே போகாதீர்கள், மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். இன்னும் ரொம்ப நாள் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதற்காக எழுதுவதைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். இந்த வாரமே எழுதுங்கள்.

கோபம் தீராத,
உங்கள் மூத்தவள்