பக்கத்துக்கு மூன்று அங்குலம்

அன்புள்ள வாலுவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், அப்பாவின் வேலைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். கதவின் அகலத்தை இடுப்பு உயரத்தில் ஒரு முறை, தரையோரம் ஒரு முறை அளந்தேன். ஏழு அடி நாலு அங்குலம். பிறகு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் படகு ட்ரெய்லரை மட்கார்டோடு சேர்த்து அளந்தேன். ஆறு அடி பத்து அங்குலம். டேப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அந்தக் குளிர் அறையில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வந்தேன், 'இருவரும்' என்ற இடத்தில் கை கொஞ்சம் தயங்கிவிட்டது. பயப்படாதே, யாரும் படுக்கையில் இல்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரல் கேட்டால் அப்பா எங்கிருந்தாலும் ஓடி வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

படகு வந்த கதை உனக்குத் தெரியும். அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனது, மூன்று பேர் உட்காரலாம், நாலு பேர் என்று அப்பா சொல்கிறார். நீ லீவில் வரும்போது ஏரிக்குப் போக வேண்டும் என்று உனக்கு ஒரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகூட வாங்கி வைத்திருக்கிறார். உன் அளவு என்று அவர் நினைத்து வாங்கியிருப்பது நீ பத்தாம் வகுப்பில் இருந்த அளவு. ஊருக்கெல்லாம் ஜன்னலும் கதவும் அளந்து பொருத்துகிற மனிதர், கண்ணாடியை ஒரு நூல் குறைத்து வெட்டினால்கூட அதை வளர்க்கவா முடியும் என்று கேட்கிறவர், பெற்ற பெண்ணின் அளவை மட்டும் பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். நீ வந்து போட்டுக் காட்டு, பித்தான் தெறிக்கட்டும்.

விஷயம் படகு இல்லை, அதை உள்ளே விடுவதுதான். போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ட்ரெய்லரை வண்டியில் கட்டிப் பின்னால் தள்ளிக் கராஜுக்குள் விடப் பார்த்தார், மூன்று முறையும் இடப்பக்கத் தூணில் இடித்துவிட்டது. முதல் முறை, கதவு குறுகல் என்றார். இரண்டாம் முறை உன் சித்தப்பா உதவிக்கு வந்திருந்தார், உதவியைவிட வாய்தான் அதிகம் நீட்டினார். "அண்ணா, படகைத் தண்ணியிலதானே விடுவாங்க, நீங்க என்ன சுவத்துல விடுறீங்க" என்று அவர் கேட்க, அப்பாவும் சிரித்தார், ஆனால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை நான் இடப்பக்கம் நின்று வா வா, நில் நில் என்று கத்தினேன். அப்போதும் அதே தூண், அதே முழங்கால் உயரம். மட்கார்டு நசுங்கிய தகர டப்பா மாதிரி இருக்கிறது. நான் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேனோ என்று ஒரு வாரம் என்னையே நொந்துகொண்டேன்.

எங்கள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு முறை தப்பான எண் வந்தால் கை தவறியது என்று விட்டுவிடுவோம், ஒரே இடத்தில் மூன்று முறை வந்தால் அந்தத் தண்ணீர் ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அந்தப் புத்தி எனக்கு வீட்டில் வர மூன்று ஞாயிறு ஆகியிருக்கிறது. கண்ணாடி ஏற்றிய ட்ரெய்லரைச் சந்துக்குள் பின்னாலேயே விட்டு இருபது வருஷம் வேலை செய்தவர் அவர். இன்று காலை நான் அளந்த கணக்கில் பக்கத்துக்கு மூன்று அங்குலம் இடம் இருக்கிறது. அவர் அளந்தபோதும் அதுதான் இருந்திருக்கும், அவர் டேப் பொய் சொல்லாது. குறுகியது கதவு இல்லை, வாலு. அவருடைய இடப்பக்கம்.

ஒன்று தெரிந்ததும் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டது. டம்ளரை மேஜையின் இடது ஓரத்தில் வைக்கிறேன் என்று காற்றில் வைக்கிறார். வேலைக்குப் போகும்போது முதுகு வலி என்று சொல்லி வண்டியை உடன் வருகிறவரிடமே ஓட்டக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. சில வாரங்களுக்கு முன் நாங்கள் கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையில் ஒரு அம்மா சைக்கிளில் குழந்தையை வைத்துக்கொண்டு இடப்பக்கமிருந்து வந்தாள், நான் அலறிய பிறகுதான் பிரேக் போட்டார். அந்த அம்மா எங்களைத் திட்டக்கூட இல்லை, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள், அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அப்பா, "வெயில் கண்ணுல அடிச்சிடுச்சு" என்றார். அன்றைக்கு வானம் முழுக்க மேகம்.

இன்னொன்று, இதை உன்னிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவருக்கு வலப்பக்கம்தான் நடப்பேன், ஏன் என்று தெரியாது, அப்படியே பழகிவிட்டது. சில மாதங்களாக மாலை நடைக்குப் போகும்போது "இந்தப் பக்கம் வாயேன்" என்று இடப்பக்கம் இழுத்துக் கையைப் பிடித்துக்கொள்கிறார். இத்தனை வயதுக்கு மேல் இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். இப்போது தெரிகிறது, அந்தப் பக்கம் அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஏமாந்த மாதிரிதான் இருந்தது. பிறகு யோசித்தேன், கையைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லையே, பக்கத்தில் நடந்தாலே போதுமே. பிடித்துக்கொண்டது அன்புதான் என்று வைத்துக்கொண்டேன்.

அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாதவர் இன்னொரு ஞாயிறு முயன்று பார்ப்பார். இவர் கொத்தனாரைக் கூப்பிட்டு இடது தூணை இடிக்கச் சொல்லியிருக்கிறார். கொத்தனார் வந்து பார்த்துவிட்டுத் தாராளமா போகுமே சார், எதுக்கு இடிக்கணும் என்றாராம், அப்பா பிடிவாதமாகச் சனிக்கிழமை எட்டரைக்கு வரச் சொல்லிவிட்டார். உன் தாத்தாவுக்கு வயதான காலத்தில் கண் ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து கடைசியில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சியது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னவள். அப்பா அதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர். டாக்டரிடம் போனால் பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைக்கும்வரை அது வெறும் குறுகலான கதவுதானே. எனக்கு அந்தப் பயம் புரிகிறது. ஆனால் சைக்கிளில் வந்த குழந்தைக்கு அது புரிய வேண்டியதில்லை. சீக்கிரம் பார்த்தால் மேலும் போகாமல் நிறுத்தி வைக்கலாம் என்று படித்தேன், அதையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் எதிர்வீட்டு லாரி அக்காவை உனக்குத் தெரியும், நீ அவர் லாரியில் ஏறி ஹாரன் அடித்தே ஒரு தெருவை எழுப்பியவள். செவ்வாய்க்கிழமைகளில் வேலை விட்டு வந்ததும், சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் அவருடைய சின்ன ட்ரெய்லரை நம் வண்டியில் கட்டி, பின்னோக்கி விட எனக்குச் சொல்லித் தருகிறார். அப்பாவை அசத்தப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் நாள் ட்ரெய்லர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று மடங்கி நின்றது. "ஏம்மா, நீ அதை ஓட்டுறியா, அது உன்னை ஓட்டுதா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையை எடுத்து ஸ்டியரிங்கின் அடியில் வைத்து, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து, கொஞ்சமா, அவசரப்படாதே, சந்தேகம் வந்தா முன்னால வந்துட்டு மறுபடி போ, முன்னால வர்றது அவமானம் இல்ல என்றார். நேற்று, அவர் பக்கத்துக்கு மூன்று அங்குலம் மட்டும் விட்டு வைத்த இரண்டு வாளிகளுக்கு நடுவில், இடிக்காமல் நாலு தடவை உள்ளே விட்டேன், நம் கதவுக்கு அது போதுமா என்று பார்க்கத்தான் இன்று காலை அளந்தேன்.

நீ ஒரு வேலை செய், அங்கே ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிடு. இது குடும்ப வழியாக வரக்கூடியதாம். தள்ளிப் போடாதே, நீ உன் அப்பாவின் பெண். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தத் திசைக்குப் போனாலும் உன் வழி அகலமாக இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

கடைசியாக ஒன்று, லாரி அக்காவுக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை கொத்தனார் வருவதற்கு முன்னால், ஏழு மணிக்கு, அப்பாவை எழுப்பி வலப்பக்கம் நின்று வழி சொல்லச் சொல்வேன், அந்தப் பக்கம் அவருக்கு நன்றாகவே தெரிகிறது. நான் உள்ளே விடுவேன். இறங்கியதும் அவர் கையை நீட்டினாலும் சாவியைக் கொடுக்கப்போவதில்லை. திங்கட்கிழமை கண் டாக்டரிடம் நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பார், இருக்கட்டும். மாலையில் நடக்கப் போகும்போது அவர் கூப்பிடுவதற்கு முன்பே நான் இடப்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா