கண்ணாடிப் படங்களும் நான் சொல்லாத சாட்சியும்

சார்,

போன வாரம் நம் விலங்கியல் துறைக்குப் புதிதாக ஒரு ஸ்லைடு புரொஜெக்டர் வந்தது. அட்டெண்டர் மரப்பெட்டியைப் பிரித்து, வைக்கோலை உதறிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். பல்பு சூடேறியதும் அதன்மேல் இருந்த தூசி கருகி ஒரு வாசனை வந்தது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் மேசையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வாசனை. அதுவும், நீங்கள் இப்போது உயிரோடு இல்லை என்று தெரிந்த பிறகு.

நீங்கள் காஞ்சிபுரத்தில் நம் கல்லூரிக்கு விரிவுரையாளராக வந்தபோது நான் செய்முறை வகுப்புக்கு டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. இரண்டு பேருக்குமே தற்காலிக வேலை. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். கூரத்திலிருந்தும் திருப்பருத்திக்குன்றத்திலிருந்தும் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், நாம் சொல்லச் சொல்ல அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வார்கள். உள்ளே ஒன்றும் போகாது. முட்டைக்குள் கோழிக்குஞ்சு உருவாகும் பாடத்தைப் பரீட்சையில் யாருமே தொடமாட்டார்கள். இங்கிலீஷ் வராத பிள்ளைகளை என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன்.

“இங்கிலீஷ் வரலன்றது அப்புறம் இருக்கட்டும்மா. நாம சொல்றது அவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. அதுக்கு இன்னா பண்றது?” என்று கேட்டீர்கள்.

கேட்டதோடு நிற்கவில்லை. சாமான் அறையில் ஒட்டடை படிந்து கிடந்த பழைய புரொஜெக்டரைத் தூக்கி வந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி செய்தீர்கள். போட்டோ ஸ்டுடியோவில் தூக்கிப் போடவிருந்த பழைய கண்ணாடி நெகட்டிவ்களை வாங்கி வந்து, சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தீர்கள். யாரோ ஒரு கல்யாண ஜோடியின் முகம் வாளித் தண்ணீரில் கரைந்து போவதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன். “அவங்க எங்கியோ நல்லாத்தாம்மா இருப்பாங்க” என்று சிரித்தீர்கள். உங்கள் பக்கத்து வீட்டில் சேலைக்கு டிசைன் வரைகிறவர் கொடுத்த கட்டம் போட்ட காகிதத்தில், புத்தகப் படங்களை அளவு பார்த்துச் சின்னதாக்கி, அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கறுப்பு மையில் வரைந்தீர்கள். போட்டோவுக்கு வர்ணம் தீட்டுகிற மையால் ரத்தக் குழாய்களுக்குச் சிவப்புக் கொடுத்தீர்கள். ஒரு ஸ்லைடுக்கு இரண்டு கண்ணாடிகள். மேல் கண்ணாடியை மெல்ல நகர்த்தினால், நேராக இருக்கும் குழாய் வளைந்து இதயமாகத் தெரியும்.

வகுப்பு நடக்கிற அன்று ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, சுவரில் உங்கள் வேட்டியைக் கட்டினீர்கள். பிறகு என்னிடம் வந்தீர்கள்.

“பொண்ணுங்க இருக்கிறாங்க. ரூம் இருட்டா இருக்கும். நீங்க கடைசி பெஞ்சில உட்காந்துக்கினு இருங்கம்மா. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.”

அதற்கப்புறம் ஒவ்வொரு படவகுப்பிலும் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். முதல் நாள் அந்த வேட்டியில் இதயம் வளைந்தபோது, வகுப்பில் பேனா சத்தம் நின்றுபோனது. எல்லோரும் எழுதுவதை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகி எழுந்தாள். கூரத்தில் கூலி வேலை செய்கிற குடும்பத்துப் பெண். சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காதவள்.

“சார், ரத்தம் ஓடுறதால இதயம் துடிக்குதா, இதயம் துடிக்கிறதால ரத்தம் ஓடுதா?”

“துடிப்புதாம்மா முதல்ல. ரத்தம் அதுக்கு அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கும்” என்றீர்கள். வெளியே வந்ததும் என்னிடம், “மனப்பாடம் பண்ணவங்களுக்கு இந்தக் கேள்வி வராதும்மா. பார்த்தவங்களுக்குத்தான் வரும்” என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது படவகுப்பில், இருட்டில் எவனோ ஒருவன் விசிலடித்தான். ஒரு மாணவியின் மேல் காகிதம் வந்து விழுந்தது. நீங்கள் உடனே விளக்கைப் போட்டீர்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த மாணவியின் அப்பா பட்டு ஜவுளி வியாபாரி, ஊரில் பெரிய மனிதர். மறுநாள் காலையில் முதல்வர் அறைக்கு வந்துவிட்டார். அதற்குள் ஊரில் வேறு பேச்சும் கிளம்பியிருந்தது. என் அண்ணன் காலையில் சாப்பிடும்போதே கேட்டான்: “இருட்டு ரூம்ல அந்த வாத்தியார் கூட நீயும் இருந்தியாமே? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா இன்னா ஆவும்?” எனக்கு அப்போதுதான் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள்.

முதல்வர் நம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் நல்லவர். அந்த வியாபாரியைச் சமாதானப்படுத்த அவருக்கு ஒரே ஒரு பதில் போதுமாக இருந்தது.

“லேடி ஸ்டாஃப் முழு நேரமும் உள்ளே இருந்தாங்களா?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பயமே இல்லாமல் பார்த்தீர்கள். நான் உண்மையைச் சொல்வேன் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“நடுவில கொஞ்சம் வெளிய போயிருந்தேன் சார்” என்றேன்.

யாரும் கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றிருந்த தேவகி, “இல்ல சார். மேடம் எங்க கூடவேதான் இருந்தாங்க. எங்கியும் போவல” என்றாள். முதல்வர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் பொய் உடைந்திருக்கும்.

அப்போது நீங்கள் பேசினீர்கள். “அந்தப் பொண்ணுக்கு இருட்டில தெரிஞ்சிருக்காது சார். மேடம் வெளிய போனது நெசந்தான். நான்தான் வகுப்பை நிறுத்தியிருக்கணும். தப்பு என்னுது.”

தேவகி அழுதுகொண்டே போனாள். அந்த வருடக் கடைசியில் உங்களுக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது.

கிளம்புகிற அன்று ஸ்லைடுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி என் மேசையில் வைத்தீர்கள். “பசங்களுக்கு ஆவும், வெச்சிக்கங்க” என்றீர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “அத்தனை பேர் எதிர்ல உங்கள மாட்டி வுட முடியுமாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். புரொஜெக்டர் மறுபடி சாமான் அறைக்குப் போனது. நான் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிப் பாடம் நடத்தினேன். இவ்வளவு நன்றாக வரைந்தது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்னால் இருந்த ஒரு சார் என்பேன். உங்கள் பெயரை நான் சொன்னதில்லை.

வேலூரில் ஒரு டுடோரியலில் சேர்ந்திருப்பதாக ஒரு கார்டு போட்டீர்கள். அதில் நீங்கள் கேட்டிருந்தது ஒன்றுதான்: சிவப்பு மங்காமல் இருக்கிறதா? மங்கவில்லை சார். ஆனால் நான் பதில் போடவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில், இது யார் கார்டு என்று கேட்பார்களே என்று பயந்தேன்.

போன மாதம் தேவகி வீட்டுக்கு வந்தாள். இப்போது பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உங்களுக்கு மஞ்சள் காமாலை முற்றியதையும், வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்த்துவிட்டு வந்ததையும், நீங்கள் போய்விட்டதையும் சொன்னாள். அவள் வருடம் தவறாமல் உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“மேடம், அன்னிக்கு நீங்க வெளிய போனீங்களா?”

“போகலம்மா.”

“எனக்குத் தெரியும். சாரை நானும் கேட்டேன். கடைசி வரைக்கும் அவர் போனாங்கன்னுதான் சொன்னாரு.” எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டவள், திரும்பாமலே சொன்னாள். “இத சார் இருக்கச்சே சொல்லியிருக்கலாம் மேடம்.”

அவள் சொன்னது சரி. மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவீர்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நேற்று முதல்வரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இப்போது இருப்பவர் வேறு ஆள். படித்துவிட்டு, “அந்த ஆள் யாரும்மா?” என்று கேட்டார். இந்தக் கல்லூரியில் உங்களை அறிந்தவள் இனி நான் ஒருத்திதான். அதனால் உங்களிடமே சொல்கிறேன். ஜன்னல் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. தப்பாக எதுவும் நடக்கவில்லை. உங்களிடம் ஒரு தவறும் இல்லை சார். நான் அங்கேதான் இருந்தேன்.