பெட்டிமேல் கை

மார்ச் 3

அன்புள்ள பல் டாக்டருக்கு,

குட்டிக்கு இருமல் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டிலேயே டாக்டர் இருந்து என்ன பயன், பல்லை மட்டும்தானே பார்ப்பார்!

எங்கள் லேசர் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. அரிசி மணியை விடச் சின்னச் சில்லு, ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. நோயாளியின் மூச்சுக்காற்றைச் சோதிக்கும் கருவிக்குள் போகப்போகிறது. பவரைக் கூட்டினாலும் ஒரே அலைவரிசையில் நிற்கவேண்டும். நாம் நகர்த்தினால் மட்டும் நகரவேண்டும், தன் இஷ்டத்துக்குத் தாவக்கூடாது. இத்தனை நாள் தண்ணி காட்டியது, இந்த வாரம் கைகட்டி நிற்கிறது. நான் சாப்பிடப் போனால் மட்டும் தாவுகிறதாம். "உங்களைக் கண்டாத்தான் அதுக்கு பயம் மேடம்" என்று கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

வேலை முடிந்தது என்று ஆய்வகத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாதக் கடைசியில் வீட்டில் இருப்பேன். லேசரோடு நான் இருக்கும் படம் அனுப்பியிருக்கிறேன், குட்டிக்குக் காட்டுங்கள்.

உங்கள்
விஞ்ஞானி


மார்ச் 9

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

இருமல் போயே போச்சு. நீ வரப்போகிறாய் என்றதும் குட்டி கூடத்துச் சுவர் முழுக்க உன்னை வரைந்துவிட்டாள். சுவரும் போச்சு.

படத்தைக் காட்டினேன். "லேசர் எங்கப்பா? அம்மா கைதான் தெரியுது" என்றாள். அப்புறம்தான் பார்த்தேன், பெட்டிமேல் உன் உள்ளங்கை. காய்ச்சலா என்று குட்டியின் நெற்றியில் கை வைத்தால் எடுக்கவே மாட்டாயே, அதே கை. உன் கைச்சூட்டில்தான் அது நிற்கிறதோ? நீ எழுந்துபோனால் தாவுவதற்கு வேறென்ன காரணம்? ஆஸ்பத்திரியில் உன் கை இருக்காதே.

இதை எழுதவே கூடாது என்று சில நாள் பேனாவைத் தொடவில்லை. நீ வரவேண்டும். சண்டை போட ஆளில்லாமல் வீடு வீடாக இல்லை. ஆனால் தெரிந்ததை விழுங்கிவிட்டு உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. ஒரு தடவை கையை எடுத்துப் பார்.

உன்
பல் டாக்டர்


மார்ச் 15

அன்புள்ளவருக்கு,

கையை எடுத்தேன். டீ ஆறுவதற்குள் தாவிவிட்டது. மறுபடி கையை வைத்தேன், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

முதலில் உங்கள்மேல்தான் கோபம் வந்தது. நான் வந்து சேர்ந்த பிறகு சொல்லியிருக்கக் கூடாதா! அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு தலைவரிடம் போய்ச் சொன்னேன். பெட்டியைப் புதிதாகச் செய்யவேண்டும், இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்கிறார். ஆகட்டும். நான் இல்லாவிட்டாலும் நிற்கிறதுதான் லேசர்.

பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று நானே எழுதி ஒட்டிவிட்டேன். இப்போது என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பல் எல்லா ஊரிலும்தான் வலிக்கிறது. குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இங்கேயும் சுவர் இருக்கிறது.

உங்கள்
விஞ்ஞானி