சிவப்பு வேண்டாமாம்

ஜனவரி 9

இரண்டாம் கொதிகலன் இன்றும் சிவப்பு காட்டியது. குளிர்காலத்தில் ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்புகிற நிலையம் இது. கொதிகலன்கள் என்ன சொல்கின்றன என்பதை வரி வரியாகக் கருப்புத் திரையில் ஓட விடுகிற நிரல் என்னுடையது. நலம் என்றால் பச்சை. கவனி என்றால் மஞ்சள். ஆபத்து என்றால் சிவப்பு. குல்சூன் அக்கா கூடத்தின் மறுகோடியில், இரண்டாம் கொதிகலனை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து எழுத்து தெரியாது. நிறம் தெரியும். அதை நம்பித்தான் அவள் அங்கே உட்காருகிறாள்.

மூடியின் வாஷர் தேய்ந்து ஆவி கசிகிறது. ஒருநாள் பிய்த்துக்கொண்டு அடித்தால் நேராக அந்த ஸ்டூல் மேல்தான். புது வாஷர் கேட்டு இயக்குநர் ஜமீர் அண்ணனிடம் போனேன். குருட் என்கிற உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே பேசினார்.

"புதுசு கேட்டா, பழசு கெட்டுப்போச்சுன்னு தலைநகர்ல தெரிஞ்சிடும். சோதிச்சுப் பார்க்கக் கமிஷன் ஆளுங்க வர்ற நேரத்துல ஏம்மா இதெல்லாம்?"

அந்தச் சப்புகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சீ.

ஜனவரி 10

மத்தியானம் மந்தி, அதான் இறைச்சிக் கொழுக்கட்டை, வாங்கினேன். அந்தச் சப்புகிற சத்தம் நினைவுக்கு வந்தது. நாய்க்குப் போட்டேன்.

ஜனவரி 12

இன்று ஜமீர் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் கமிஷனுக்கு வாங்கிய குதிரைத் தொத்திறைச்சி சுருள் சுருளாகக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புருல், பெரிய மனுஷங்க வந்து நிக்கிற நேரத்துல திரையில ரத்தமா வழிஞ்சா நல்லாவா இருக்கும்? சிவப்பு வேண்டாம். எல்லாத்தையும் கோக்கா மாத்திடு."

"ஆபத்தையுமா அண்ணே?"

"அதைத்தான் முதல்ல."

அண்ணே என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. இந்த ஆள் கொதிகலனுக்குப் பயப்படவில்லை. கமிஷனுக்குப் பயப்படுகிறான். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவன் புத்தியில் எங்காவது இருக்கிறதா? இல்லை. தொத்திறைச்சி இருக்கிறது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கே அவருடைய மைத்துனன் வந்து என் நாற்காலியில் உட்காருவான். அவன் சிவப்பையே அழித்துவிடுவான், வரியோடு சேர்த்து.

ஒரு நிம்மதி — பச்சை என்று சொல்லவில்லை, கோக் என்றார். வானத்தின் நிறம். நீலம். நலத்துக்குப் பச்சை, ஆபத்துக்கு நீலம். இரண்டும் வேறு வேறாகத்தானே தெரியும்? அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

ஜனவரி 13

மாற்றினேன். வரிக்கு முன்னால் முப்பத்தொன்று என்று இருந்தால் சிவப்பு. அதை அழித்து முப்பத்து நான்கு என்று போட்டால் நீலம். கடைசியில் ஒரு பூஜ்யம். அதைப் போடாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் அதே நிறத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும். இவ்வளவுதான் வேலை. இதற்குப் போய்க் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஓட்டிப் பார்த்தால் — கர்மம். அந்தப் பழைய திரையில் கருப்பு மேல் நீலம் இருப்பதே தெரியவில்லை. கிணற்றுக்குள் போட்ட மாதிரி. ஜமீர் அண்ணன் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். வாயில் பூண்டு நாற்றம்.

"நான் நெனச்சது வேற. ஆனா இது அதைவிட ஜோரா இருக்கே! விட்டுடு, விட்டுடு."

சிரிக்கிறான். மனுஷனா இவன்?

நாளைக்குக் கமிஷன் முன்னால் அவரே பொத்தானை அமுக்கித் தொடங்கி வைப்பாராம். அதுவரை பழையதே ஓடும். சாயங்காலம் அக்காவைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, நாளைக்குப் புதுசு. இனிமே ஆபத்துன்னா கோக் வரும். மங்கலாத்தான் இருக்கும், கண்ணை எடுக்காத. கோக்கைப் பார்த்தா எல்லாத்தையும் மூடிட்டு, ஆவியைத் திறந்துவிட்டுட்டு வெளிய ஓடிடு."

"சிவப்புக்கு என்னடி கேடு?"

"கமிஷனுக்குக் கண்ணு கூசுதாம்."

தரையில் துப்பினாள். நானும் துப்பினேன்.

ஜனவரி 14

சிரிப்பா, வெறுப்பா, தெரியவில்லை.

கமிஷன் வந்தது. ஐந்து பேரும் கையில் ஆளுக்கொரு பொரித்த போர்சோக் ரொட்டியோடு கூடத்துக்குள் நின்றார்கள். ஜமீர் அண்ணன் புதுக் கல்பாக் தொப்பியைத் தலையில் நேராக்கிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். திரை நிறையப் பச்சை. நலம், நலம், நலம். இளித்துக்கொண்டு திரும்பினார்.

மறுகோடியில் அக்கா எழுந்தாள். பார்த்தாள். "ஐயோ, கோக்!" என்று கத்தினாள். கரி தள்ளுகிற பாதையை மூடினாள், ஆவியைத் திறந்தாள், மணியை அடித்தாள், பெரிய மனுஷர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். ஊளையிட்டது ஆவி. கமிஷன் கோட்டு இல்லாமல் பனியில் பாய்ந்தது. ஜமீர் அண்ணன் எல்லாருக்கும் முன்னால்.

பனியில் நின்று அக்காவைக் கேட்டேன். "என்னக்கா பண்ணின? அது பச்சைதானே?"

"நீதானடி சொன்ன, கோக் வந்தா ஓடுன்னு?"

"கோக்னா நீலம்!"

"மலையில மேய்ச்சல் புல்லு என்ன நிறம்? கோக்தானே? எங்க ஆளுங்க யாரைக் கேட்டாலும் அதான் சொல்வாங்க. உன் டவுன் பேச்சு எனக்கெதுக்கு?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஜமீர் அண்ணனும் மலைக்காரன்தான். அவர் கேட்டதும் பச்சை. வானமும் கோக், புல்லும் கோக். பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் இரண்டு பெயர் படித்த நான் ஒருத்திதான் அங்கே முட்டாள். உண்மையான ஆபத்து வந்திருந்தால்? அந்த நீலத்தை அவள் பார்த்திருக்கவே மாட்டாள்.

ஜனவரி 15

ஒத்திகையாம்! கமிஷனிடம் ஜமீர் அண்ணன் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், வெட்கங்கெட்டவர். "எங்க ஆளுங்க எவ்வளவு சுறுசுறுப்புன்னு உங்களுக்குக் காட்டத்தான்." அவர்கள் நம்பினார்கள். விருந்தில் ஆட்டுத்தலையைக் கையில் வாங்கிய கமிஷன் தலைவர், மரியாதையாக அதன் காதை அறுத்து இவருக்கு நீட்டினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அக்காவுக்கு ஒரு டீ செட்.

வாஷரா? யாரும் கேட்கவில்லை. கொதிகலன்களுக்குப் பெயின்ட் அடிக்க உத்தரவாகியிருக்கிறது. பச்சைப் பெயின்ட்.

விருந்து மிச்சத்தை நாய்க்குப் போட்டேன்.

ஜனவரி 16

கமிஷன் போய்விட்டது, இனி அவருக்குத் திரை என்ன நிறமானால் என்ன. யாரையும் கேட்காமல் முப்பத்தொன்றைத் திரும்பப் போட்டேன். கூடவே இன்னொன்று. ஆபத்து வரியின் கடைசியில் இருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டு, அதன் பிறகு வேறு நிற எண் எதுவும் விழாதபடி செய்தேன். இனி ஒருமுறை சிவப்பு வந்தால், அதற்குப் பிறகு வருகிற நலம், கவனி, எல்லாமே சிவப்பாகத்தான் ஓடும். திரை முழுக்க. நானே வந்து நிறுத்தும்வரை.

அக்காவின் சிவப்புத் தலைத்துணியைப் பிடித்துக் காட்டிக் கேட்டேன். "இது என்ன நிறம்?"

"கிஸில்."

"மலையிலயும் அதானா?"

"எந்த மலையிலயும் அதான்டி. போ."

ஜனவரி 22

பெயின்ட் வாடை. தலைவலி. வாஷருக்கு மறுபடி எழுதிக் கொடுத்தேன். ஜமீர் அண்ணன் அதன் மேல் டீ கப்பை வைத்தார்.

பிப்ரவரி 3

மத்தியானம் சிவப்பு வந்தது. நிற்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. அக்கா மூட வேண்டியதை மூடிவிட்டு ஓடி வந்தாள். அவள் கதவைத் தாண்டும்போது வாஷர் பிய்த்துக்கொண்டது.

ஆவி அடங்கிய பிறகு போய்ப் பார்த்தோம். ஸ்டூலின் மரம் வெந்து, கால் விரிந்து கிடந்தது. புதுப் பச்சைப் பெயின்ட் தோல் தோலாக உரிந்து அதன் மேல் விழுந்திருந்தது.

"நல்ல ஸ்டூலுடி அது" என்றாள் அக்கா.

அவளுடைய டீ செட்டிலேயே டீ ஊற்றிக் கொடுத்தேன். அவள் முதல் வாய் குடிக்கும்வரை கப்பை நான் பிடித்துக்கொண்டேன். ஜமீர் அண்ணன் வாசலில் நின்று, உள்ளே வராமலே கத்தினார்: "அந்தச் சிவப்பை முதல்ல நிறுத்து, தலைநகர்லேர்ந்து ஆள் வர்றாங்க!"

நான் எழுந்திருக்கவில்லை. வரட்டும். பார்க்கட்டும்.