கத்தரியில் வெட்டிய வாக்குத்தத்தம்

அக்கா,

இந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டைகள் காந்திபுரத்து அச்சகத்திலிருந்து நேற்று மாலை வந்துவிட்டன. பொட்டலத்தைப் பிரித்ததும் புது மையின் வாசனை குப்பென்று அடித்தது. உடனே மூடிவிட்டேன். வாசனை விரலில் ஒட்டிக்கொண்டதுபோல இருந்ததால் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு குழாயைச் சரியாக மூடினேனா என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். “கர்த்தரே வந்து பூட்டிட்டுப் போனாலும் நீ ஒருக்கா இழுத்துப் பாப்பே அம்மணி” என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறீர்கள்.

புத்தாண்டு காலை ஆராதனையில் ஒவ்வொருவரும் தட்டிலிருந்து ஓர் அட்டை எடுப்பார்கள். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் தனக்கென்று கொடுத்த வாக்கு. சிலர் பீரோவில் ஒட்டுவார்கள், சிலர் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை பதினேழு வருஷமாக என்னுடையது. என் கையிலிருந்துதான் எடுத்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. 

முன்பெல்லாம் அச்சகத்தில் பெரிய தாளாகத்தான் கொடுப்பார்கள். உக்கடம் குளத்துக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டில் உட்கார்ந்து நாம்தான் வெட்டுவோம். ஒரு பக்கம் கிரைண்டரில் அரிசி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் கையில் கத்தரியோடு உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பீர்கள். பாட்டுப் பாடுகிறீர்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கேட்டபோது, “ஜெபம் பண்றேன் கண்ணு. இந்தச் சத்தத்துல எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் கேக்கும்” என்றீர்கள். அரிசி அரைபடுகிற நேரமெல்லாம் உங்களுக்கு ஜெப நேரம். உளுந்துக்குத் தனி ஆள், அரிசிக்குத் தனி ஆள் என்று பிரித்து வைத்திருந்தீர்கள்.

அந்த மாவை வாங்க வருகிறவர்களிடம் நீங்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பதற்றமாக இருக்கும். “இது நேத்து மாவுங்க, புளிச்சிருக்கும். தோசைக்கு வேணா ஆகும், இட்லிக்கு ஆகாதுங்க” என்று வாங்க வந்தவரையே திருப்பி அனுப்புவீர்கள். இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். “வாங்காட்டிப் போறாங்க. சாப்பிட்டுப்போட்டு மொகஞ்சுளிச்சா எனக்குத் தூக்கம் வராதல்ல” என்றீர்கள். அவ்வளவுதான். உங்கள் விசுவாசத்தைப் பற்றி மேடையில் பேசச் சொன்னால் எனக்கு இந்தப் புளித்த மாவுதான் முதலில் நினைவு வரும். அப்படிப்பட்ட உங்களிடம்தான் நான் அதைச் செய்தேன்.

சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன வருஷம் அது. அச்சகத்தில் புதிதாக இயந்திரம் வந்து, அட்டைகளை அவர்களே வெட்டித் தந்தார்கள். நமக்கு வேலை மிச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு உங்களோடு உட்கார ஒரு சாக்குப் போயிற்று. வீட்டில் தனியாக அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் எதை எடுப்பீர்களோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. சோதனை, பொறுமை என்று ஏதாவது வந்துவிட்டால்? நான் போன வருஷத்து மிச்சத்தைக் கிளறி, ‘நான் சாவாமல், பிழைத்திருந்து’ என்று தொடங்கும் வசனத்தைத் தேடி எடுத்தேன். புத்தாண்டு காலையில் நீங்கள் எழுந்து வர முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். தட்டை உங்களிடம் கொண்டுவந்தபோது அந்த அட்டை என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. உங்கள் விரல்களுக்கு இடையில் அதைத் தள்ளிவிட்டேன்.

உங்கள் மகன் சாமு அதை உரக்க வாசித்தான். சபையே ஸ்தோத்திரம் என்றது. நானும் சொன்னேன் அக்கா, எல்லோரையும்விடச் சத்தமாக.

அதன் பிறகு உங்கள் வீட்டில் யாரும் சாவைப் பற்றிப் பேசவில்லை. பேச அவன் விடவில்லை. காங்கேயத்தில் இருக்கும் உங்கள் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, “சொகமாயிட்டு நடந்தே போலாம்மா, வசனம் இருக்குதல்லோ” என்றான். நீங்கள் சிரித்தீர்கள். பங்குனியில் போய்விட்டீர்கள். உங்கள் அக்கா பிணத்தைத்தான் பார்த்தார்.

போவதற்கு மூன்று வாரம் முன்பு, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு உங்களை இணைத்திருந்தபோது, நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தபடியே, “மத்தவிய அட்டையெல்லாம் மிஷின்ல வெட்டுனது. எனக்கு வந்தது மட்டும் கத்தரியில வெட்டுனது” என்றீர்கள். நான் தலையே நிமிரவில்லை. “நா வெட்டுனா ஓரம் கோணிக்கும். என்ற கையில வெட்டுனது எனக்குத் தெரியாதாக்கும்?” என்றீர்கள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. “சாமுகிட்ட நீயே சொல்லிப்போடு கண்ணு. நாஞ்சொன்னா ஒடஞ்சு போவான்” என்றீர்கள். சொல்கிறேன் என்றேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி சொன்னேன்.

சொல்லவில்லை. அடக்கம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு நாற்பது நாள் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு அவனே சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான், வராதவனிடம் எப்படிச் சொல்வது என்று அதையும் ஒரு காரணமாக்கிக்கொண்டேன். நடுவில் வந்த புத்தாண்டிலும் நான்தான் தட்டைப் பிடித்தேன்.  

போன மாதம் பாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். சபைப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி சாமு கடிதம் கொடுத்திருந்தான். ஆண்டவர் தன் வாயாலேயே எங்கம்மாவிடம் பொய் சொன்னார், பொய் சொல்கிறவரிடம் எனக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தான். “நீங்க அந்த வீட்டுக்கு ரொம்ப வேண்டியவிய, ஒரு வார்த்தை பேசிப் பாருங்கம்மா” என்றார் பாஸ்டர். கடிதம் என் கையில் இருந்தது. பொய் சொன்னது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவன் என்னைக் காறித் துப்புவான், ஊர் பேசும், தட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றெல்லாம் பயந்தேன். சொல்லாவிட்டால், நான் செய்ததற்கு ஆண்டவர் பழி சுமப்பார். எனக்குக் கடைசிப் பயம்தான் பெரிதாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை அக்கா, எல்லாப் பயங்களும் ஒரே அளவில்தான் இருந்தன.

போன ஞாயிறு ஆராதனை நேரத்தில் போனேன். வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். உங்கள் ஜாடை நெற்றியில் அப்படியே இருக்கிறது.

“தம்பி, அந்த அட்டை ஆண்டவர் குடுத்ததில்லை. நாந்தான் குடுத்தேன்.”

“புரியலைங்க சித்தி.”

கட்டைவிரல், பழைய மிச்சம், கோணல் ஓரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையில் இருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டே இருந்தது.

“அப்ப அவரு அப்படிச் சொல்லவே இல்லைங்களா?”

“இல்லை தம்பி. அவரு சொல்லலை. நாஞ்சொன்னேன்.”

“அம்மாவுக்குத் தெரியுங்களா?”

“தெரியும்.”

படியில் உட்கார்ந்துவிட்டான். “மூணு தடவை அம்மா எங்கிட்டப் பேச வந்தாங்க. மூணு தடவையும் நாந்தான் வாயை அடைச்சேன். சாவுப் பேச்சுப் பேசாதீங்கன்னு அதட்டினேன்.” பிறகு என்னைப் பார்த்தான். “நீங்க போயிடுங்க சித்தி.”

வந்துவிட்டேன். ஆண்டவர்மேல் இருந்த கோபத்தை எடுத்து அவன் தலையிலேயே போட்டுவிட்டு வந்தேனோ என்று மூன்று நாள் பைத்தியம்போல இருந்தேன். நான்காம் நாள் அவனே போன் செய்தான். “அம்மா எங்கிட்டப் பேச முடியாததை உங்ககிட்டப் பேசினாங்களா?” என்றான். பேசினார்கள் என்றேன். “என்ன சொன்னாங்க? எல்லாம் வேணும்” என்றான். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

அந்த மூன்று நாளும் ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னவை எல்லாம் என்னிடம்தான் இருந்தன. ஆனால் அவற்றில் என் ஆசைகளும் கலந்துபோய்க் கிடந்தன. ‘சபையை விட்டுப் போகாதே என்று சாமுவிடம் சொல்’ என்று நீங்கள் சொன்னதாக முதல் வரி எழுதியிருந்தேன். எந்த நாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாளே இல்லை. அடித்துவிட்டேன்.

இன்று காலை வந்தான். காபி வேண்டாம் என்றான். கிரைண்டரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டும், பெல்ட்டை மாற்றிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். லேசாகச் சிரித்தான். பீரோவில் இருக்கும் நீலச் சேலை காங்கேயத்துப் பெரியம்மாவுக்கு. உங்களுக்காகத் துக்கம் காத்து அவன் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அரிசி ஓடுகிற நேரத்து ஜெபம் முழுவதும் அவனுக்கு என்றும், உளுந்து நேரத்தில்தான் மற்றவர்கள் என்றும் சொன்னேன். அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பியபடியே கேட்டான். “எம்மேல கோவமா இருந்தாங்களா? வாயை அடைச்சதுக்கு?”

நீங்கள் கோபப்பட்டிருக்கவே மாட்டீர்கள். என் உயிரை வைத்துச் சொல்வேன். இல்லை தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் இன்றைக்குத் தூங்குவான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நீங்கள் சொல்லவில்லையே அக்கா.

“அதைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலை தம்பி” என்றேன்.

அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை. “சரிங்க. வேற?” என்றான்.

“ஒண்ணே ஒண்ணு இருக்கு. அவங்க அட்டை விஷயம் சொன்ன அன்னிக்கு நான் அழுதேன். அப்பச் சொன்னாங்க, கர்த்தரு என்னையக் கைவிடமாட்டாருன்னு தெரிஞ்சுக்க எனக்கு அட்டை வேணுமாக்கும்னு.”

“அப்படியேவா சொன்னாங்க?”

“அப்படியேதான் தம்பி.”

நம்பினான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நாளை ஞாயிறு. வருவானா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. பாஸ்டரிடம் இன்று மாலையே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இனித் தட்டை வேறு யாராவது பிடிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அவனுக்கென்று வைத்திருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டேன். ‘எனக்கு அட்டை வேணுமாக்கும்’ என்ற அந்தக் கடைசி வார்த்தை மட்டும் கொடுத்த பிறகும் என்னிடமே இருக்கிறது. நீங்கள் உங்களைச் சொல்வதுபோல அதை என்னைத்தான் கேட்டீர்கள் என்பது இத்தனை நாள் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு இன்னும் அட்டை வேண்டியிருக்கிறது அக்கா.